யா பிராகோ அத்தையும் கேப்டனும்

எங்கள் ஊரான கொனோங்கோவில், ரயிலடிக்கு எதிரே என் அத்தை யா பிராகோ சோளக்கஞ்சி விற்றாள். விற்றாள் என்பது ஒரு பேச்சுக்குத்தான். பர்மா சண்டைக்குப் போய்த் திரும்பிய கிழவர்கள் அத்தனை பேரும் அங்கேதான் குடிப்பார்கள். அவர்களிடம் காசு வாங்க மாட்டாள். அவளுடைய மூத்த அண்ணன் அவர்களோடு கப்பலேறிப் போனவர், திரும்பி வரவில்லை. மிச்சக் கஞ்சி தெருநாய்களுக்கும், இறக்கை ஒடிந்த ஒரு பிணந்தின்னிக் கழுகுக்கும் போகும். அத்தைக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. அப்பாவையும், பிறகு எங்களையும் வளர்த்தவள் அவள்தான். அதனால் கழுகு கட்டிலுக்கடியில் தூங்கினாலும் அப்பா வாயைத் திறக்க முடியாது.

அம்மா என் தங்கையைச் சுமந்திருந்தபோது அப்பா ஒரு செம்மறிக் கிடாவை வாங்கி வந்து முற்றத்தில் கட்டினார். குழந்தை பிறந்த எட்டாம் நாள், பெயர் வைக்கும் விருந்துக்கு.

"அக்கா, இதுக்குப் பேர் கீர் வெச்சிடாதே. இது சூப்பு" என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார்.

மறுநாள் கஞ்சி குடிக்க வந்த சார்ஜண்ட் போவாஃபோ கிடாவின் கழுத்தடித் தாடியைப் பார்த்ததும் விறைத்து நின்று சல்யூட் அடித்தார். "தங்கச்சி, பர்மாவுல எங்களை வறுத்தெடுத்த வெள்ளைக்காரக் கேப்டன் இவன்தான். அதே தாடி, அதே முழி!"

பெயர் வைத்தாகிவிட்டது. அதற்குப் பிறகு கேப்டனுக்குச் சல்யூட் அடிக்காமல் எந்தக் கிழவரும் கஞ்சியில் வாய் வைத்ததில்லை.

நவம்பரில் போர் நினைவு நாள் வந்தது. அத்தை கிடாவையும் கையோடு இழுத்துக்கொண்டு கிளம்பினாள். "இதை எதுக்கு அங்கே?" என்றார் அப்பா.

"நான் அந்தப் பக்கம் போனதும் நீ கத்தி தீட்டுவே, குவாபெனா. உன்னைத் தூக்கி வளர்த்தவ நான்."

நினைவுக் கல்லின் அடியில் மாவட்ட அதிகாரி மலர்வளையம் வைத்தார். பச்சை இலையும் செம்பருத்தியும் சேர்த்துக் கட்டியது. ஊதுகொம்பு ஊதினார்கள். மௌனம். அந்த மௌனத்தில் யாரோ எதையோ மெல்லும் சத்தம் கேட்டது. தலையைக் குனிந்திருந்ததால் யார் என்று பார்க்க முடியாது. மௌனமாக இருந்ததால் யார் என்று விசாரிக்கவும் முடியாது. தலை நிமிர்ந்தபோது கேப்டனின் கொம்பில் வெறும் கம்பி வளையம் தொங்கியது.

அதிகாரி ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். "செத்தவங்க பங்கைத் தின்னுட்டானே" என்று கிழவர்களில் ஒருவரான ஒற்றைக்கால் அடோங்கோ கண் கலங்கினார். ராணுவ விசாரணைதான், வேறு வழியில்லை என்றார் சார்ஜண்ட்.

அதே வாரம் என் தங்கை பிறந்தாள். அப்பா தாமாகவே போய் அரசுத் தரப்பு வக்கீலாகச் சேர்ந்துகொண்டார்.

பழைய பட்டாளத்தார் சங்கக் கட்டிடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில் விசாரணை. கிழவர்கள் பதக்கம் குத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். அப்பா நேரே விஷயத்துக்கு வந்தார். "குத்தத்தை ஊரே பார்த்துச்சு. மரண தண்டனை குடுங்க. நிறைவேத்துறது என் பொறுப்பு."

அத்தை துக்கத்துக்குக் கட்டும் கறுப்புத் துணியில் வந்திருந்தாள். நடுவில் நீதிபதியாக உட்கார்ந்திருந்த போவாஃபோவைப் பார்த்துக் கேட்டாள்: "அண்ணே, நீங்க பட்டாளத்துல என்னவா இருந்தீங்க?"

"தெரியாத மாதிரி கேக்குறியே. சார்ஜண்ட்."

"இவன் யாரு?"

"கேப்டன்."

"அப்போ கேப்டனை ஒரு சார்ஜண்ட் உக்காந்துகிட்டு விசாரிக்கலாமா?"

பெஞ்சில் இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "தப்புதான்" என்றார் அடோங்கோ. "எல்லாரும் முதல்ல எந்திரிங்கய்யா!" எழுந்தார்கள். அப்பாவும் எழுந்து நின்றார். ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது.

கேப்டனை விசாரிக்க மேஜர் வேண்டும். சுற்றுவட்டாரத்தில் மேஜர் என்று இருந்தவர் ஒருவர்தான்: பட்டாளத்துப் பதவிப் பெயர்களை வைத்துக்கொள்ளும் கிறிஸ்தவ சபையான இரட்சணிய சேனையின் மேஜர் அம்பாடு அம்மாள். வெள்ளைச் சீருடையில், கஞ்சிராவோடு வந்து உட்கார்ந்தார். வழக்கு முழுவதையும் பொறுமையாகக் கேட்டார்.

"குற்றவாளி மனந்திரும்புறாரா?"

கேப்டன் எட்டி அவருடைய தொப்பி நாடாவை நக்கினான்.

"கதறுறான் பாருங்க" என்றாள் அத்தை.

"மன்னிச்சாச்சு. ஞாயித்துக்கிழமை தவறாம ஆராதனைக்கு வரணும்."

"அப்போ சூப்பு?" என்றார் அப்பா.

"சூப்பு யாரு? அவரும் வரட்டும்" என்றார் மேஜர்.

சார்ஜண்டுக்கு மட்டும் மனசு ஆறவில்லை. "செத்தவங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது, தங்கச்சி?"

அத்தை கிடாவின் முதுகைத் தடவிக்கொண்டே நின்றாள். "அது எங்கண்ணனுக்கு வெச்ச இலையும்தானே? அவரு பட்டாளத்துக்குப் போறவரைக்கும் ஆடு மேய்ச்சவரு. பசிச்சா தின்னட்டும்னுதான் சொல்லியிருப்பாரு."

அடோங்கோ ஊன்றுகோலைப் பார்த்தபடியே சொன்னார்: "கப்பல்ல கூட ஆட்டுப் பேச்சுதான். எங்களைத் தூங்கவே விடமாட்டான்."

சார்ஜண்ட் கேப்டனுக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு நடந்தார்.

தங்கைக்குப் பெயர் வைத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. கருவாட்டுச் சூப்பைக் கிளறிப் பார்த்துவிட்டு அம்மா வீட்டார் கேட்டார்கள்: "மாப்ளே, மாசக்கணக்கா கொழுக்க வெச்சீங்களே ஒரு கிடா, எங்கே?"

"கோயிலுக்குப் போயிருக்கு" என்றார் அப்பா.

அத்தை அதற்குப் பிறகும் பல வருஷம் இருந்தாள். வறண்ட ஹர்மட்டான் காற்று வீசிய ஒரு ஜனவரியில் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். ஜன்னல் வழியாகச் சிவப்புத்தலை ஓணான் ஒன்று உள்ளே வந்தது. நர்ஸ் துடைப்பத்தைத் தூக்கினாள். "இருக்கட்டும்மா. அது என்னைப் பாக்கத்தான் வந்திருக்கு" என்றாளாம் அத்தை. அன்று சாயங்காலமே போய்விட்டாள்.

பக்கத்தில் இருந்தவர் அப்பா. அத்தை போன பிறகு ஓணானை விரட்டலாம் என்று நர்ஸ் அந்தத் துடைப்பத்தை ஆஸ்பத்திரி முழுக்கத் தேடினாளாம். அப்பா அதன் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.