எஃப்டூ அண்ணனும் ஆறு அத்தியாயமும்

பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் அந்த மனிதர் தெருவுக்கெல்லாம் எஃப்டூதான். எந்த மெஷினை மேசையில் வைத்தாலும், திரை வெளிச்சம் வருமுன்னே கீபோர்டின் F2 சாவியைப் படபடவென்று தட்ட ஆரம்பித்துவிடுவார். கொஞ்சம் பிந்தினாலும் மெஷினின் அடிப்படை அமைப்புகளை மாற்றும் பக்கம் கைநழுவிப் போய்விடும்.

அன்று காலை பள்ளி டீச்சர் ஒருத்தி சிபியுவைக் குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"அண்ணா, மெஷின் கிளம்பவே மாட்டேங்குது, ஆறு வருஷ ஆராய்ச்சி உள்ள மாட்டிக்கிச்சு. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள யுனிவர்சிட்டில கொடுக்கணும். ரெண்டு கடையில கேட்டேன், அழிச்சுட்டுப் புதுசா போடறோம்னு வாய் கூசாம சொல்றாங்க!"

"பென்டிரைவ்ல வேற எடுத்து வைக்கலயா டீச்சர்?"

"வச்சேன். எம் பொண்ணு அதை அழிச்சுட்டுப் பாட்டு ஏத்திட்டா."

எஃப்டூ சிரிக்கவில்லை. தன்னிடமிருந்த சிடி டிஸ்கிலிருந்து மெஷினைக் கிளப்பினால் உள்ளிருப்பதைத் தொடாமல் வெளியே எடுத்துவிடலாம். அதற்கு, மெஷின் முதலில் எதிலிருந்து கிளம்புவது என்று சொல்லும் பூட் வரிசையில் அந்த டிஸ்கை முதலில் வைக்க வேண்டும். சாவியைத் தட்டினார். திரை பாஸ்வேர்ட் கேட்டது.

டீச்சர் கணவனுக்கு போன் போட்டாள். "பையன் கேம் ஆடறான்னு நான்தான் வச்சேன். என்ன வச்சேன்னுதான் ஞாபகமில்ல," என்றது மறுமுனை. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எஃப்டூ மின்கம்பியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, உள்ளே காசளவு இருந்த பேட்டரியை எடுத்து மேசையில் வைத்தார். "இதைக் கொஞ்ச நேரம் எடுத்துட்டா மெஷினுக்குப் பாஸ்வேர்டு மறந்துடும்."

"எங்க வீட்டுக்காரருக்கு எதையும் எடுக்காமலே மறந்துடுதே!"

பத்து நிமிடம் கழித்து பேட்டரியைப் போட்டார். பாஸ்வேர்ட் கேட்கவில்லை. பூட் வரிசையில் ஹார்ட் டிஸ்கைக் கீழே இறக்கி, சிடியை மேலே ஏற்றிச் சேமித்தார். டிஸ்க் கரகரவென்று சுற்றியது. கோப்புகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. எல்லாவற்றையும் பிரதி எடுத்த பிறகும் அவர் விடவில்லை; ஆராய்ச்சியின் ஆறு அத்தியாயத்தையும் அவளையே திறந்து பார்க்கச் சொன்னார். ஆறாவதின் கடைசி வரியைப் பார்த்ததும் டீச்சர் தேம்பித் தேம்பி அழுதாள். பாவம், எத்தனை நாள் பயமோ!

"அழிச்சுடலாம்னு நீங்க ஒருதரம்கூடச் சொல்லலயே அண்ணா."

எஃப்டூ டிஸ்கை உறையில் போட்டார்.

"ஒருத்தரோடதை அழிச்சிருக்கேன் டீச்சர். கேக்காம எண்டர் தட்டிட்டேன். தவறிப்போன அவரு பொண்ணோட வீடியோவெல்லாம் அதுலதான் இருந்துச்சு. அந்த மனுஷன் என்னை ஒரு வார்த்தை திட்டல. பரவால்லப்பான்னு சொல்லிட்டு, வெறும் மெஷினைத் தூக்கிட்டுப் போனாரு."