தோழி சொன்னால் கேட்கிற அம்மா

என் அம்மாவுக்கு ஆஸ்துமா. சந்தாபுராவில் கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தாள். துணித் தூசி ஒத்துக்கொள்ளவில்லை. நான் சுவாச சிகிச்சைப் படிப்பில் சேர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இரண்டாம் ஆண்டிலேயே இன்ஹேலரை எப்படி இழுப்பது என்று அவளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தொடங்கினேன். கேட்டால்தானே. வாயைத் திறந்து கொசு மருந்து அடிப்பதுபோல ஓர் அடி அடித்துவிட்டு உடனே பேச ஆரம்பித்துவிடுவாள். மருந்து நாக்கோடு நின்றுவிடும். ஸ்பேசர் என்ற பிளாஸ்டிக் குழாயை மாட்டி மெதுவாக இழுத்தால்தான் நெஞ்சுக்குள் போகும். நான் வாங்கிக்கொடுத்த குழாய் ஃபிரிட்ஜின் மேல் கிடந்தது.

"நேத்து பொறந்தவ நீ. எனக்கு மூச்சு விடக் கத்துக்குடுக்க வந்துட்டியா?"

மூன்றாம் ஆண்டில் என் வகுப்புத் தோழி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வந்தாள். ஆனேக்கல்காரி, பேச்சில் கன்னடம் கலக்கும். என்னைவிட மதிப்பெண் குறைவு. அதை இங்கே ஏன் சொல்கிறேன் என்று எனக்குத் தெரியும். அம்மா இன்ஹேலரை எடுத்ததும் தோழி எழுந்துபோய்க் குழாயை எடுத்து வந்தாள்.

"ஸ்வல்ப இருங்கம்மா. மொதல்ல மூச்ச முழுசா வெளிய விடுங்க. இப்ப மெதுவா இழுங்க... இன்னும்... அப்படியே புடிச்சு வைங்க."

அம்மா கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் செய்தாள். வாய்கூடக் கொப்பளித்தாள். நான் சொன்ன அதே வார்த்தைகள். வரிசைகூட மாறவில்லை.

"எவ்ளோ பொறுமையா சொல்லுது பாரு இந்தப் பொண்ணு."

பரிமாறும்போது தோழிக்கு வெறும் குழம்பை மட்டும் ஊற்றினேன். அம்மா என் தட்டிலிருந்த கோழித் துண்டை எடுத்து அவளுக்கு வைத்தாள்.

அதன்பிறகு இருவரும் போனில் பேசிக்கொண்டார்கள். அம்மாவுக்கு இருமல் குறைந்தது. மாடிப்படி ஏறி வந்தும் மூச்சு வாங்காமல் பேசினாள். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கோ வயிறு எரிந்தது.

பயிற்சிக்காக வார்டில் நின்றபோது தொம்மலூரிலிருந்து வந்த ஒரு பெரியவருக்கு அதேபோன்ற குழாயைக் கொடுத்தேன். "இழுங்கப்பா, அவசரமில்ல" என்றேன். மறுபேச்சில்லாமல் இழுத்தார். பக்கத்தில் நின்ற அவர் மகள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"ஒரு வாரமா நானும் இதத்தான் சொல்றேன் மேடம்."

அந்தப் பார்வை எனக்குத் தெரியாததா? குழாயை அவள் கையில் கொடுத்து, "அடுத்தது நீங்க குடுங்க" என்றேன். பெரியவர் முகத்தைச் சுளித்துத் திருப்பிக்கொண்டார்.

மாலை வீட்டுக்கு வந்தபோது அம்மா போனில் சிரித்துக்கொண்டிருந்தாள். யாரென்று கேட்கத் தேவையில்லை.

"சாப்ட்டியாம்மா?" என்று போனில் விசாரித்தாள்.

நானே தட்டை எடுத்துச் சோறு போட்டுக்கொண்டேன்.