வெண்கலம் எடுத்த சூப் ஏலம்

ஏலக் கூடத்தில் அவரை எல்லோரும் வெண்கலம் என்றுதான் கூப்பிடுவார்கள். ஒலிபெருக்கி வேண்டாத தொண்டை. கால் ஆடும் நாற்காலியைக்கூட அரியாசனம் என்று நம்பவைத்து விற்றுவிடுவார். கல்யாணமும் அப்படித்தான் கூடிவந்தது. நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கக் கையைத் தூக்கிய ஒரு பெண் ஏலம் கேட்டதாக எடுத்துக்கொண்டு, ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம் என்று ஒரு நிலைக்கண்ணாடியை அவள் தலையில் கட்டினார். சண்டை போட வந்தவள்தான் இன்று வீட்டுக்காரி. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள். கண்ணாடி இன்னும் வீட்டுக் கூடத்தில் நிற்கிறது.

அப்பேர்ப்பட்ட வாய்க்கு ஒரு அலமாரி பூட்டுப் போட்டது. "இந்தக் கதவு இன்னும் நூறு வருஷத்துக்கு அசையாது" என்று அவர் ஓங்கித் தட்டிய அதே கதவு கழன்று வந்து தாடையில் விழுந்தது. மருத்துவர் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் கம்பியால் சேர்த்துக் கட்டி, ஆறு வாரத்துக்கு உறிஞ்சிக் குடிப்பதுதான் சாப்பாடு என்றார். பல்லிடுக்கால் பேசலாம் என்றும் சொன்னார். வெண்கலம் ஒரே ஒரு தடவை பேசிப் பார்த்தார். சைக்கிள் டியூப் காற்றுப் போவது போல வந்தது. அத்தோடு சரி. பழைய குரல் திரும்பும்வரை ஒரு வார்த்தை பேசுவதில்லை என்று வீம்பாக இருந்துவிட்டார்.

வீம்புக்கு அடியில் பயம் இருந்தது. கம்பி பிரிக்கிற வாரம் சனிக்கிழமை, ஒரு பெரிய ஓட்டலின் சாமான் மொத்தமும் ஏலத்துக்கு வருகிறது. அன்றைக்குக் குரல் இல்லையென்றால் மேடையில் வேறொருவன் ஏறிவிடுவான். ஏறினவன் இறங்குவானா?

ஒரு வாரக் கஞ்சியில் நாக்கு செத்துப்போனது. அப்போதுதான் மனைவி, பக்கத்துத் தெருக் கொரிய உணவகத்திலிருந்து ஒரு டப்பா வாங்கி வந்தாள். மாட்டெலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு இறக்கிய சூப், பால் போல வெளுத்திருந்தது. குழலை வாயோரத்தில் செருகி ஓர் இழுப்பு இழுத்தார். கண் விரிந்தது. டப்பாவின் அடியில் குழல் கொர்ரென்று கத்தும்வரை மனுஷன் நிமிரவே இல்லை.

மறுநாள் மத்தியானம் மனைவி பேருந்தில் இருந்தாள். வீங்கிய தாடையோடு தெருவில் நடக்க வெண்கலத்துக்கு மானம் இடம் கொடுக்கவில்லை. பசி மட்டும் மானம் பார்க்கவில்லை. டப்பா மூடியில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டு, "ம்ம்" என்று முனகினார்.

"தாடை உடைஞ்ச சாரா?" என்றாள் கடைக்காரம்மா. "உங்க வீட்டம்மா நேத்தே சொல்லி, விலாசமும் குடுத்துட்டுப் போனாங்க. இப்படி வச்சுக்கலாம் சார். எலும்பு சூப்னா ஒரு ம்ம். சோயா விழுது சூப்னா ரெண்டு. கடல்பாசி சூப்னா மூணு. எல்லாத்தையும் அரைச்சு வடிகட்டி அனுப்பறேன்."

அதன்பிறகு அவருக்கு மத்தியானம்தான் திருவிழா. காலைக் கஞ்சி இறங்கும்போதே இன்றைக்கு ஒன்றா, மூன்றா என்று மனசு தாவ ஆரம்பித்துவிடும். வாசல் மணி அடித்தால் செருப்பைத் தேடாமல் ஓடுவார். நாளாக ஆக முனகலுக்கே ஒரு நயம் வந்துவிட்டது. சும்மா பசிக்குச் சின்ன ம்ம், கொலைப் பசிக்கு நீட்டி ஒரு ம்ம்ம். "இன்னிக்குப் பெரிய டப்பா, அதானே சார்?" என்று அந்தம்மாவும் சரியாகப் பிடித்துவிடுவாள்.

கம்பி பிரித்த அன்று, வீடு வந்து சேரும்வரை அவர் பேசவில்லை. நேரே நிலைக்கண்ணாடி முன்னால் போய் நின்று, மார்பை நிமிர்த்தி, "ஒரு தரம்" என்றார். வந்தது வெண்கலம் இல்லை, நசுங்கிய தகரம். வாயும் இரண்டு விரல் அளவுக்குத்தான் திறந்தது.

"போகப் போகச் சரியாயிடுங்க" என்றாள் மனைவி. அவர் காதில் அது துக்கம் விசாரிப்பது போல விழுந்தது.

"சனிக்கிழமை நான் போகலை" என்று சொல்லிவிட்டுப் படுத்துக்கொண்டார். பேருந்துக்கு நேரமாகிவிட்டதால், திரும்பித் திரும்பிப் பார்த்தபடி அவள் கிளம்பினாள்.

வயிற்றுக்கு ஏலமும் தெரியாது, சனிக்கிழமையும் தெரியாது. மத்தியானம் அது கூப்பிட்டது. வெண்கலம் போனை எடுத்து, "எலும்பு சூப் ஒண்ணு, பெருசு" என்றார்.

"யாருங்க?"

விலாசத்தைச் சொன்னார்.

"அந்த வீட்டு சார் பேசமாட்டாரே. நீங்க யாரு? அவர் சூப்பைக் கண்டவங்களுக்கெல்லாம் குடுக்க மாட்டேன்."

வெண்கலத்துக்குக் கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. வேறு வழி தெரியாமல், "ம்ம்ம்" என்று நீட்டினார்.

அந்தம்மா சமையலறைப் பக்கம் திரும்பி, "ஏங்க, ம்ம் சார் வாயால பேசறாருங்க" என்று கத்துவது கேட்டது. எதுவோ பாத்திரம் விழுந்தது. "இதுவா சார் உங்க குரல்? இப்படி ஒண்ணை வச்சுக்கிட்டா இத்தனை நாளா முனகினீங்க? கம்பீரமா இருக்கே. என்ன வேலை பாக்கறீங்க?"

அவள் முகஸ்துதி பேசவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க அவளுக்குப் பழைய குரல் தெரியாது. தெரிந்ததெல்லாம் முனகல், அதற்கு இது சிங்கம்தான். வெண்கலத்துக்குச் சந்தோஷத்தில் காது சுட்டது.

"ஏலம் விடறேம்மா."

"எங்கே, எங்க கடை சூப்பை ஒரு ஏலம் விடுங்க பாப்போம்."

எலும்பு, சோயா, கடல்பாசி, கோழி, மீன், முட்டைக்கோஸ் ஊறுகாய் போட்ட கிம்ச்சி என்று அவள் சொல்லச் சொல்ல, வெண்கலம் ஒவ்வொன்றாக எடுத்து வீச ஆரம்பித்தார். கடைக்காரம்மா ஒரு விலை கேட்டாள், சமையல்காரக் கணவன் அவளுக்கு மேல் கேட்டான். இவர் சூப்பைப் புகழ்ந்து புகழ்ந்து, தன் புகழ்ச்சியில் தானே விழுந்து, இருவருக்கும் மேலே கேட்டார். மூணு தரம் முடிந்தபோது ஆறு சூப்பையும் எடுத்தது ஏலம் விட்டவரேதான்.

சாயங்காலம் மனைவி கதவைத் திறந்தாள். மேஜை நிறைய டப்பா, எல்லாம் சூடாக்கி ஆவி பறக்கிறது. பக்கத்தில் கரண்டியும் கையுமாக வெண்கலம்.

"என்னங்க இது, கடையவே தூக்கிட்டு வந்துட்டீங்களா?"

"கிம்ச்சி சூப்பு" என்றார் அவர். "வடிகட்டாதது. மென்னு சாப்பிடற சூப்பு. ஒரு தரம்."

குரல் தகரமாகவேதான் இருந்தது. அவர் நிறுத்தவில்லை.

"ரெண்டு தரம்."

அவள் கைப்பையைக் கீழே வைத்தாள். நெற்றியில் ஒரு முடிகூட விழவில்லை. ஆனாலும் கையைத் தூக்கினாள்.

"மூணு தரம்" என்று கரண்டியால் மேஜையைத் தட்டினார் வெண்கலம். முதல் கரண்டியை அவளுக்கு ஊற்றிக்கொண்டே, "சனிக்கிழமை போடற சட்டை எங்க இருக்கு?" என்று கேட்டார்.