விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பியவர்

கும்பகோணத்து ஜிம்மில் எனக்குப் பக்கத்து சைக்கிளை மிதிப்பவர், வந்ததும் விசிறியைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார். தோளில் பச்சைத் துண்டு கிடக்கும். வேர்வையைத் துடைக்கமாட்டார், தண்ணீரும் குடிக்கமாட்டார். முழங்கால் ஆபரேஷனுக்கு முன் எட்டு கிலோ குறைக்கச் சொல்லியிருந்தார் டாக்டர்.

ஒரு நாள் மிதிக்கும்போதே தலைசுற்றி ஹேண்டில்பாரில் சாய்ந்தார். பயந்துபோய்த் தண்ணீர் பாட்டிலை நீட்டினேன்.

"வேர்வையில போறது தண்ணிதாங்க, கொழுப்பில்ல."

"நெல்லு காஞ்சா மூட்டை எடை குறையுதா இல்லியா, சார்?"

"நெல்லு மறுபடி தண்ணி குடிக்காதே. நீங்க வீட்டுக்குப் போய்க் குடிப்பீங்கல்ல?"

மிதிப்பதை நிறுத்தினார். "அதான் காலையில எடை பழையபடி ஏறிக்குதா? ரெண்டு மாசம் மிதிச்சது வீணா, சார்?"

அதற்குப் பிறகு பதினோரு நாளாக அவர் வரவில்லை. மிதித்தது முழங்காலுக்குப் பலம், வீணில்லை என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். நானோ விசிறியை அவர் பக்கம் திருப்பிவிட்டு, என் சைக்கிளை மிதித்துக்கொண்டிருந்தேன்.