கம்பெனி வக்கீலாக இருந்த எங்கள் அண்ணன்

எங்கள் அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவரைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும்படி அண்ணி என்னைக் கேட்டுக்கொண்டார். நான் அவருக்கு ஒரே தங்கை. எழுத உட்காரும்போதெல்லாம், "சரியா இருக்கா, பாருங்க அண்ணே" என்று அவரிடமே நீட்டத்தான் கை எழுகிறது.

அண்ணன் துவாக்குடிக்கு அருகே ஒரு மானாவாரிக் கிராமத்தில் பிறந்தார். நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். அம்மா கடலை பயிரிட்டு எங்களை வளர்த்தார். அண்ணன் திருச்சியில் கல்லூரியை முடித்து, சென்னையில் சட்டம் படித்து, எங்கள் ஊரின் முதல் வக்கீலாகத் திரும்பினார். ஸ்ரீரங்கத்தில் வாடகை வீடு பிடித்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். என்னை மணம் முடித்துக் கொடுத்த பிறகே தாம் மணம் செய்துகொண்டார்.

கொலை வழக்கு, நில வழக்கு எதையும் அவர் எடுத்ததில்லை. திருச்சி சத்திரம் பக்கத்து வியாபாரிகளின் கூட்டு ஒப்பந்தங்களும் சரக்குத் தகராறுகளும்தான் அவருக்குப் பிடித்தவை. ஐம்பதுகளின் நடுவில், மாவட்டத்தின் சில கிராமங்களுக்கு மின்சாரம் கொடுத்துவந்த ஒரு சிறு கம்பெனி அவரைத் தன் வக்கீலாக அமர்த்தியது. கம்பம் நட நிலம் கேட்பது, மில்களோடு ஒப்பந்தம் எழுதுவது என்று வேலை ஓயாது. மின்சாரச் சட்டம் தெரிந்தவர்கள் அன்று இங்கே மிகச் சிலரே.

ஓர் ஐப்பசி மழையில் அந்தக் கம்பெனியின் கம்பி அறுந்து, மாட்டுக்குப் புல் அறுக்கப் போன இளம்பெண் ஒருத்தி இறந்துபோனாள். கணவர் வக்கீல் வைக்காமலே இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டார். நான் பிரசவத்துக்காக அண்ணன் வீட்டில் இருந்த சமயம் அது. கம்பெனி மேனேஜர் வந்தார்.

"ஈரக் கையோட அந்தப் பொண்ணே போய்க் கம்பியைத் தொட்டிருக்கு சார். அப்படியே எழுதிடுங்க, கேஸ் நிக்காது."

அண்ணன் அதற்குள் அந்தக் கிராமத்துக்கே போய் விசாரித்துவிட்டு வந்திருந்தார். "கம்பி தொங்குதுன்னு காலையிலயே உங்க ஆபீஸ்ல வந்து சொல்லியிருக்காங்க. உங்க ஆளே என்கிட்ட ஒத்துக்கிட்டார். மத்தியானம் வரைக்கும் கரண்டை நிறுத்தலை. தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படி அப்படி எழுதுவேன்? தப்பை ஒத்துக்கிட்டு அந்தக் குடும்பத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்ங்க."

"நீங்க எங்க வக்கீல் சார்."

"அதனாலதான் சொல்றேன்."

மேனேஜர் வழக்குக் கட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அத்தோடு அந்த வேலை போயிற்று.

சில நாளில் இறந்தவளின் கணவர் இடுப்பில் பெண் குழந்தையோடு வந்தார். "ஐயா, எங்க பக்கம் நின்னு பேசுங்க. உங்களுக்குத்தான் எல்லாம் தெரியும்."

"தெரியும்கிறதாலதான் முடியலைங்க. நான் அவங்க வக்கீலா இருந்து தெரிஞ்சுக்கிட்டதை வச்சு அவங்க மேலயே வழக்கு நடத்தக் கூடாது. நல்ல வக்கீல்கிட்ட நானே உங்களை அழைச்சுட்டுப் போறேன்."

"உங்க நியாயம் உங்களுக்குச் சரியா இருக்கும். எனக்குப் பொண்டாட்டி போயிட்டாளேங்க" என்றார் அவர்.

சொன்னபடியே அண்ணன் தம் நண்பரான வக்கீலிடம் அவரை அழைத்துச் சென்றார். ஆனால் அண்ணனிடம் உண்மையை ஒத்துக்கொண்ட அந்த ஊழியர் கோர்ட்டில் மாற்றிச் சொல்லிவிட்டார். வழக்கு தோற்றது. தீர்ப்பைக் கேட்கப் போயிருந்த அண்ணன், வீட்டுக்கு வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டபோது, "அந்தக் குழந்தை கோர்ட்ல என்னைப் பார்த்துச் சிரிச்சுது" என்று மட்டும் சொன்னார்.

அதன்பின் பெரிய கம்பெனிகள் அவரை நாடவில்லை. வீட்டில் நெருக்கடிதான். அண்ணி ஒரு நாளும் அதை முகத்தில் காட்டியதில்லை. அறுபதுகளில் கைலாசபுரம் பக்கம் பெரிய தொழிற்சாலை எழும்பியபோது, அதைச் சார்ந்து பட்டறை வைத்தவர்கள் அண்ணனைத் தேடி வந்தார்கள். அவர்களுக்கு எழுதிய ஒவ்வொரு மின்சார ஒப்பந்தத்திலும், ஆபத்து என்று யார் வந்து சொன்னாலும் உடனே மின்சாரத்தை நிறுத்திவிட்டுத்தான் விசாரிக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தார். "இது எதுக்கு சார்?" என்று கேட்டவர்களிடம், "இது இல்லாட்டி நான் எழுத மாட்டேன்" என்பார். காரணம் சொல்ல மாட்டார்.

இதயம் பலவீனமாகி ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களில், ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "அந்தப் பொண்ணு இப்ப பள்ளிக்கூடம் போகும்ல?" என்று கேட்டார். யார் என்று நான் கேட்கவில்லை. "போகும் அண்ணே" என்றேன். எனக்குத் தெரியாது. மறுநாள் விடியலில் அவர் எங்களை விட்டுப் பிரிந்தார்.

அருகிலிருந்து பார்த்துக்கொண்ட மருத்துவருக்கும், அண்ணனின் ஜூனியர்களுக்கும், பத்து நாளும் எங்கள் வீட்டில் அடுப்பெரிய விடாமல் உணவளித்த தெருவாருக்கும் எங்கள் குடும்பம் நன்றி சொல்லிக்கொள்கிறது.

ஒரு வேண்டுகோளும் உண்டு. செய்தி தெரியாத, அண்ணனின் பழைய வழக்குக் கட்சிக்காரர்கள் இன்னமும் வாசலில் வந்து, "வக்கீல் ஐயா இருக்காங்களா?" என்று கேட்கிறார்கள். அண்ணி அவர்களை உட்காரச் சொல்லி, காப்பி கொடுத்து, அவர்கள் குடித்து முடித்த பிறகுதான் சொல்கிறார். உங்களுக்குத் தெரிந்த யாருக்கேனும் செய்தி எட்டாமலிருந்தால், தயவுசெய்து நீங்களே சொல்லிவிடுங்கள். அண்ணி சொன்னது போதும்.