ஜன்னலோரத்துக்காக ஒரு வேண்டுதல்

கம்ப்யூட்டர் பாட்டில் சேர்ப்பதற்காக, கண்ணாடி அறைக்குள்ளே ஒரு மணியோசையைப் பதிவு செய்துகொண்டிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து வாளியின் கைப்பிடி கிரீச்சென்றது.

"எவன்டா அது?" என்று கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து முதலாளி கத்தினார்.

துடைப்பத்தோடு நின்ற துப்புரவு அக்கா கைப்பிடியை அப்படியே இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மூலையிலிருந்து ஒரு குரல் வந்தது. "என் நாற்காலிதான் சார்."

வசவு முழுவதும் அந்த நாற்காலிக்காரருக்கே போயிற்று. மறுநாள் அக்கா வந்து பார்த்தால், வாளிக் கைப்பிடியில் பழைய துணி இறுக்கிச் சுற்றியிருந்தது. யார் சுற்றியது என்று யாரும் சொல்லவில்லை.

அந்த நாற்காலிக்காரர் அதிகம் வாயே திறக்காதவர் என்பதால் ஆபீஸில் அவருக்கு வைத்த பெயர் 'ஸ்பீக்கர்'. கம்ப்யூட்டரிலேயே பிறந்து கம்ப்யூட்டரிலேயே வளர்கிற பாட்டுகளை வெளியிடும் சின்னக் கம்பெனி அது. பாட ஆளும் கிடையாது, தட்ட மேளமும் கிடையாது. அந்தப் பாட்டுகளை இணையத்தில் நாலு பேர் காதில் விழவைப்பதுதான் அவருடைய வேலை.

முதலில் வந்த பாட்டுகள் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தன. "ஒரு ஈ காக்கா எட்டிப் பாக்கல. நீ எதுக்குய்யா இருக்க?" என்று முதலாளி குதித்தார். வேறு வழி தெரியாமல் ஸ்பீக்கர், பாட்டுக்குக் கீழே தானே ஒரு ரசிகையாக எழுதினார். ரசிகைக்கு 'ஜன்னலோரம்' என்று பெயர் வைத்தார். 'என்னால் எழுந்து நடக்க முடியாது. இந்த ஜன்னலும் இந்தப் பாட்டும்தான் எனக்கு வெளியுலகம்.'

அந்த வரியைப் படிக்க வந்தவர்கள் பாட்டையும் கேட்டார்கள். அப்புறம் கூட்டம்தான். இன்றைக்கு எப்படி இருக்கிறாய், சாப்பிட்டாயா என்று ஜன்னலோரத்தை ஊரே விசாரித்தது. அதையெல்லாம் ஒருநாள் ஸ்பீக்கரின் திரையில் எட்டிப் பார்த்த அக்காவும் நம்பிவிட்டார். தினமும் மாடிப்படித் திருப்பத்தில் வாளியை இறக்கிவைத்து, அந்தப் பெண்ணுக்காகக் கண்மூடி வேண்டிக்கொண்டார்.

ஒருநாள் அதைப் பார்த்துவிட்ட ஸ்பீக்கருக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, அப்படி ஒரு பொண்ணே இல்ல. அது நான்தான்."

"அடப்பாவி! அப்போ இத்தனை நாளா உனக்கா வேண்டிட்டிருந்தேன்?" அக்கா சிரித்தார். ஸ்பீக்கர் சிரிக்கவில்லை.

"சரி, விட்டுடு தம்பி. பொய்தானே."

"முடியலக்கா. ஜன்னலோரத்துக்கு ஒரு தையல்காரம்மா எழுதுறாங்க. அவங்க நெஜமாவே படுத்த படுக்கை. ஜன்னலோரம் பதில் போட்டாத்தான் அவங்களுக்குச் சோறு இறங்குதாம்."

புலிவாலைப் பிடித்தவன் கதைதான். இது போதாதென்று, விஷயம் தெரிந்த முதலாளி ஒருநாள் அவர் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"புது ஆல்பம் வர்ற அன்னிக்கு ஜன்னலோரம் செத்துடட்டும். கடைசியா இதைத்தான் கேட்டாள்னு அவ அண்ணன் மாதிரி நீயே எழுது. ஊரே அழும். அழுதவன் கேக்காமலா போவான்?"

"சார், அந்தத் தையல்காரம்மா..."

"இல்லாதவளைச் சாகடிக்க உனக்கென்னய்யா பாவ புண்ணியம்?"

அதன் பிறகு ஸ்பீக்கர் டீயைக்கூட ஆறவிட்டுத்தான் குடித்தார். கூண்டுக்குள் இருக்கிற பிள்ளையைப் பார்க்கிற மாதிரி இருந்தது அக்காவுக்கு. ஸ்பீக்கருடைய மேஜையை மட்டும் இரண்டு தடவை துடைத்தார்.

ஆல்பம் வெளியான அன்று முதலாளி ஸ்பீக்கருடைய முதுகுக்குப் பின்னாலேயே நின்றார். ஸ்பீக்கர் அடித்தார், அழித்தார், மறுபடி அடித்தார்.

"போட்டாச்சா?"

"போட்டுட்டேன் சார்."

முதலாளி குனிந்து படித்தார். 'ஜன்னலோரம் என்று யாரும் இல்லை. எழுதியது இந்தக் கம்பெனி ஆளான நான். மன்னித்துவிடுங்கள்.'

படித்து முடித்ததும் அவர் சொன்னது ஒன்றுதான். "வெளியே போ!"

இணையத்தில் திட்டு மழையாகக் கொட்டியது. தன் ஹெட்போனை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கர் இறங்கினார். படித் திருப்பத்தில் அக்கா வழிமறித்தார். "நல்ல காரியம் பண்ணினப்பா. கட்டு அவுந்துது. மேல இருக்கிறவன் பாத்துக்குவான்."

அப்போது ஸ்பீக்கர் கையிலிருந்த போன் அதிர்ந்தது. எழுதியிருந்தது தையல்காரம்மா. அக்காவுக்காக அவர் வாய்விட்டுப் படித்தார். 'நீ யாரா இருந்தா எனக்கென்ன? நாளைக்கும் எழுது.'

பிறகு போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"கட்டு அவுழலக்கா. ஜன்னலோரத்துக்கு வேண்டினீங்கல்ல, அதை இந்தம்மாவுக்கு மாத்திடுங்க. மிச்சம் இருந்தா எனக்கும் கொஞ்சம்."