பேட் கார்டும் கிளவுஸ் கார்டும்

ஏலத்தில் எடுத்த பழைய பேஸ்பால் கார்டு பாக்கெட்டை நேற்று பிரித்தபோது, பொடிந்துபோன பபிள்கம்மின் சர்க்கரை வாசனையோடு, வளைகுடாவில், அல் குசைஸில் நாங்கள் குடியிருந்து இப்போது இடித்துவிட்ட கட்டிடத்தின் மாடிப்படியும், அதன் ஃபினாயில் நெடியும், பாக்கெட்டைப் பல்லால் கிழிக்கும் என் அண்ணனும் எல்லாம் நினைவுக்கு வந்தன.

கார்டில் இருப்பது என்ன விளையாட்டு என்று கட்டிடத்துப் பையன்கள் யாருக்கும் தெரியாது. மட்டையை ஓங்கி நிற்பவன் அடிக்கிறவன், கிளவுஸ் மாட்டியவன் தடுக்கிறவன் என்று நாங்களே முடிவுகட்டி, பேட் கார்டு வந்தவன் முழு பலத்தோடு முகத்தில் ஒரு குத்து விடலாம், கிளவுஸ் கார்டு வந்தவன் மட்டும் கையால் மறைத்துக்கொள்ளலாம், மற்றவர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வாங்கவேண்டும் என்று சட்டம் வைத்திருந்தோம். அண்ணனுக்கு எப்போதும் பேட்தான் வரும். படியெல்லாம் யாருடைய மூக்கு ரத்தமாவது காய்ந்து கிடக்கும்.

ஒருநாள் எனக்குக் கிளவுஸ் வந்தது. சந்தோஷமாகக் கையைத் தூக்கினேன். அண்ணன் கையோடு சேர்த்துக் குத்தினான். முன்பல் உடைந்து நாக்கின்மேல் உருண்டது.

"கிளவுஸ்தான் இருந்துச்சுல்ல, கேட்ச் புடிக்க வேண்டியதுதானேடா? கலாஸ், முடிஞ்சுது, அடுத்த பாக்கெட்ட பிரி" என்றான்.

பேஸ்பாலின் விதிகளெல்லாம் இன்று எனக்கு மனப்பாடம். ஆனாலும் நேற்று முதல் கார்டைத் திருப்பும் முன்பே, பக்கத்தில் இருந்த மகள் கேட்டாள்:

"அப்பா, ஏன் வாயப் பொத்திக்கிறீங்க?"